மதரின் அட்டையும் பேச்சியம்மாவின் வயிறும்

ஆஸ்பத்திரிக்கு ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம். இப்போதிருக்கும் சின்ன மதர் என் வீட்டுக்கே வந்து, "ஆயாம்மா, உங்க சர்வீஸ்ல நடந்த இனிமையான அனுபவம் ரெண்டு பக்கம் எழுதித் தாங்க" என்றார். கோடு போட்ட நோட்டு ஒன்றும் பேனா ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனார். முப்பது வருஷத்துக்கு மேல் பெட்பேன் அள்ளியவளிடம் இனிமை கேட்கிறார்கள். உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு பக்கத்துக்கு இனிமை தேறவில்லை. தேறியதை எழுதுகிறேன். மலரில் போட்டால் போடட்டும்.

என் பெயர் அந்தோணியம்மாள். ஊர் மல்லாங்கிணறு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. கல்யாணமாகி இரண்டாம் வருஷம், கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து புருஷன் போய்விட்டார். பிள்ளை இல்லை. பங்குச் சாமியார் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, சிவகாசிக்குப் பக்கத்தில் கன்னியர் மடம் நடத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஐம்பதுகளின் நடுவில் இருக்கும். சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. 'நல்ல உழைப்பாளி. அதிகம் பேசமாட்டாள்.' இரண்டாவது தகுதிக்காகத்தான் வேலை கிடைத்தது என்று நினைக்கிறேன்.

மூன்று மாதம் பழக்கினார்கள். பெட்பேன் வைப்பது, எடுப்பது, லைசால் கரைப்பது, எனிமா கொடுப்பது, செத்தவர் கண்ணை மூடுவது. இதில் கடைசி வேலைதான் சுலபம். யாரும் திட்டமாட்டார்கள். நாலாம் மாதம் பிரசவ வார்டு. அங்கேயே நரைத்துவிட்டேன்.

அப்போதிருந்த பெரிய மதர் ஐரோப்பாவில் ஏதோ குளிர் தேசம். நம் வெயிலில் முகம் செங்கல் நிறமாகிவிட்டது. நர்ஸ் படிப்பு அங்கே படித்தவர். தமிழ் இங்கே வந்து செபப் புத்தகத்தில் படித்தார். அதனால் அவர் பேச்சும் செபம் மாதிரியே இருக்கும். நோயாளி கட்டில் அருகே நின்று, "மகளே, உன் குடல் நேற்றுத் திறந்ததா?" என்பார். அவள் பயந்துபோய் வயிற்றைத் தடவிப் பார்ப்பாள். நான் பின்னால் நின்று, "வெளிய போச்சா தாயின்னு கேக்காக" என்று சொல்ல வேண்டும். பாதி வேலை இதுதான்.

காலை பூசை முடிந்ததும் வார்டு சுற்றுவார். நெஞ்சில் தலைகீழாகக் குத்திய கடிகாரம். கையில் வெள்ளைக் கைக்குட்டை. கட்டில் சட்டத்துக்கு அடியில் கைக்குட்டையை ஒரு இழுப்பு இழுப்பார். அழுக்கு வந்தால் திட்டமாட்டார். கைக்குட்டையை என்னிடம் நீட்டி, "இதை வெளுத்து வா" என்பார். திட்டியிருந்தால் தேவலை.

கெட்டவர் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்போம். ஆபீஸில் வெடித்து ஆட்கள் வெந்து வந்தால், மதர் மூன்று நாள் படுக்கமாட்டார். சீழும் தோலுமாக ஒட்டிய துணியைத் தண்ணீர் விட்டு விட்டு அவரே பிரிப்பார். பிறந்து மூச்சு விடாத பிள்ளையின் வாயில் தன் வாயை வைத்துச் சளியை உறிஞ்சித் துப்புவார். வெந்தவனிடம் அவர் எந்த வேதம் என்று கேட்டதில்லை. செத்துக்கொண்டிருந்தவனிடமும் கேட்டதில்லை. பிள்ளை வேண்டாம் என்று வருகிறவளிடம் மட்டும்தான் வேதம் வரும்.

ஆஸ்பத்திரி கேட்டுக்குள் மூன்று வரக்கூடாது. பீடி, வெற்றிலை, இன்னொன்று. இன்னொன்றின் பெயரை மதர் சொல்லமாட்டார். 'அந்தக் காரியம்' என்பார். அரசாங்கம் அதற்குக் குடும்பக் கட்டுப்பாடு என்று பெயர் வைத்திருந்தது. அறுபதுகளின் நடுவில் லூப் வந்தது. கர்ப்பப்பைக்குள் வைக்கிற சின்னச் சுருள். பஞ்சாயத்து யூனியனிலிருந்து ஹெல்த் விசிட்டர் அம்மா ஒருத்தர் அதைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் வந்தார். மதர் வராண்டாவிலிருந்து இறங்கிப்போய் வரவேற்றார்.

"வாரும் அம்மா, காபி அருந்தும். அந்தப் பை மட்டும் வெளியே இருக்கட்டும்."

"பையில மருந்துச் சாமான்தான் மதர்."

"அறிவேன். ஆகையால்தான்."

அந்தம்மா உள்ளே காபி குடித்தார். பை வெளியே வேப்பமரத்தடியில் இருந்தது. வாட்ச்மேன் சூசை அதற்குக் காவல். நான் அந்தப் பக்கம் போனபோது கேட்டான்.

"ஏ அந்தோணி, இதுக்குப் பக்கத்துல உக்காந்தா பாவம் ஒட்டுமா?"

"ஒனக்கு எத்தன புள்ள?"

"எட்டு."

"ஒட்டுனா நல்லதுதான்."

மதர் சும்மா இருக்கவில்லை. அரசாங்கம் வளையம் வைத்தால் நாம் நாள் வைப்போம் என்றார். மாதத்தில் சில நாள் பிள்ளை உண்டாகும், சில நாள் உண்டாகாது, அந்த நாளைப் பார்த்துப் புருஷனும் பெண்சாதியும் விலகிப் படுத்தால் போதும், இதற்கு ரோமாபுரியில் பாப்பரசரின் தடை இல்லை என்றார். அதற்கு ஒரு அட்டை. சிவகாசியில் ஒரு பிரஸ் முதலாளி இலவசமாகவே அடித்துக் கொடுத்தார். அதே மெஷினில் அவர் அரசாங்கத்தின் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோண போஸ்டரும் ஆர்டர் எடுத்து அடித்துக்கொண்டிருந்தார். காலையில் முக்கோணம், சாயங்காலம் மதரின் கட்டம். முதலாளி வீட்டில் ஒன்பது பிள்ளைகள். இரண்டில் எதையும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதாகத் தெரியவில்லை.

அட்டையில் மாதத்துக்கு மாதம் கட்டம். விலக்கான முதல் நாளிலிருந்து எண்ணி, ஏழு கட்டத்துக்கு நீலப் பென்சில் புள்ளி. அடுத்த பன்னிரண்டுக்குச் சிவப்பு. மறுபடி நீலம். சிவப்பில் புருஷன் தள்ளிப் படுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் பெண்ணிடம் நாள் கேட்க வேண்டுமே, அதை யார் கேட்பது? சிஸ்டர்கள் கன்னியர். அவர்கள் வாயால் கேட்கக் கூடாதாம். மதர் என்னைப் பார்த்தார். விதவை கேட்கலாம் போல. ஐந்தாம் வகுப்புப் படிப்பும் இரண்டு கலர் பென்சிலும் வைத்துக்கொண்டு நான் அந்த வட்டாரத்துக்கே பிள்ளைக் கணக்குப் பார்த்தேன்.

இந்த நேரத்தில்தான் பேச்சியம்மா வந்தாள்.

நாரணாபுரத்துக்காரி. பட்டாசு ஆபீஸில் சரம் பின்னுவாள். வெடிகளை வரிசையாக வைத்துத் திரியைக் கோத்துப் பின்னுகிற வேலை. வயது இருபத்தைந்து இருக்கும். குட்டையான உடம்பு, இடுப்பெலும்பு ரொம்பக் குறுகல். முதல் பிள்ளை வீட்டில் மூன்று நாள் வலித்துச் செத்துப் பிறந்தது. அடுத்த இரண்டும் எங்கள் ஆஸ்பத்திரியில், வயிற்றைக் கிழித்துத்தான். இரண்டும் பிழைத்தன. ஆனால் இரண்டாவது தடவை உள்தையல் புண்ணாகி, ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்தாள்.

கிழித்தது எங்கள் டாக்டரம்மா. திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் ஊர்ப் பக்கம். அவர்களும் கிறிஸ்தவர்தான், ஆனால் வேறு சபை. மதர் அவரை "நம்முடைய பிரிந்துபோன சகோதரி" என்பார், ஒரே மேஜையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே.

பேச்சியம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கிய அன்று டாக்டரம்மா கட்டிலருகிலேயே மதரிடம் சொன்னார்.

"இன்னொரு பிள்ளை உண்டானா இவ கர்ப்பப்பை கிழிஞ்சிரும் மதர். நாமளே அடுத்த வாரம் கருக்குழாயைக் கட்டிருவோம். அஞ்சு நிமிஷ வேலை."

"பாவம் செய்ய அதனினும் குறைந்த நேரம் போதும்."

"செத்துருவா."

"ஆகையால் அட்டை கொடுப்போம்."

பேச்சியம்மா படுத்தபடியே இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"மதர், நான் வேதக்காரி இல்ல. மாரியாத்தாளக் கும்புடுறவ. ஒங்க கோயிலுக்குள்ள காலே வச்சதில்ல. ஒங்க சாமி போட்ட சட்டம் எனக்கு எதுக்கு?"

"மகளே, சட்டம் ஆளுக்கு அல்ல. இந்தச் சுவர்களுக்கு. இவற்றுக்குள் யார் இருந்தாலும் அதுவே."

"அப்பச் சுவத்துக்கே புள்ள பெறக்கட்டும்."

அதை நான் மதருக்கு விளக்கிச் சொல்லவில்லை. மதருக்குப் புரிந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் நாள் கேட்டு, புள்ளி வைத்து, அட்டையைக் கொடுத்தேன்.

அவள் புருஷன் கருப்பையா பிரஸ் ஒன்றில் பேப்பர் லோடு ஏற்றி இறக்குபவன். எழுதப் படிக்கத் தெரியாது. நீலமும் சிவப்பும் தெரியும். அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினான். சிவப்பு நாளில் வீட்டில் படுக்கவேமாட்டான். பிரஸ் வாசலில் பேப்பர் பண்டல் மேல் படுத்துக்கொள்வான். ஊருக்கே விஷயம் தெரிந்துபோய், தெருவில் போனால் கூப்பிட்டுக் கேட்பார்களாம். "ஏலே கருப்பையா, இன்னிக்கு ஒனக்குச் செவப்பா நீலமா?"

ஒன்றரை வருஷம் கழித்துப் பேச்சியம்மா அட்டையோடு வந்து நின்றாள். நாலு மாதம்.

"என்னடி இது, செவப்புல..."

"அக்கா, பண்டல்ல படுத்துப் படுத்து அந்த மனுசனுக்கு முதுகே தடிச்சிருச்சு. செவப்புல ஒரு நாளு கெடையாது. ஆத்தா மேல சத்தியம்."

அவள் பொய் சொல்லவில்லை. அவள் மட்டும் இல்லை. அந்த வருஷம் கர்ப்பிணிகள் வரிசையில் பாதிப் பேர் கையில் எங்கள் அட்டை இருந்தது. பிரசவ வார்டில் கட்டில் போதவில்லை. மதர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நாளை எப்படிக் கேட்டாய்?"

"எல்லாரும் கேக்கற மாதிரிதான் மதர். எப்பக் குளிச்சேன்னு."

"நான் குளியலைப் பற்றியா கேட்கச் சொன்னேன்?"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. விலக்கானவள் தள்ளி உட்காருவாள். சில வீட்டில் மூன்றாம் நாள், சில வீட்டில் ஐந்தாம் நாள் தலைக்கு ஊற்றிவிட்டு வீட்டுக்குள் வருவாள். உட்கார்ந்த நாளை யாரும் கணக்கு வைப்பதில்லை. வீட்டுக்குள் வந்த நாள்தான் நாள். என் அம்மா அப்படித்தான் எண்ணினாள், நானும் அப்படித்தான் எண்ணினேன். மதர் சொன்ன முதல் நாள் வேறு, எங்கள் முதல் நாள் வேறு. நான் வைத்த புள்ளியெல்லாம் இரண்டு நாள், நாலு நாள் என்று தள்ளி நின்றது. நீலம் என்று நான் அனுப்பிய நாளில் பாதி, சிவப்பு.

மதரிடம் சொன்னேன்.

"எத்தனை அட்டைகள்?"

"நூத்துக்கு மேல இருக்கும் மதர்."

"இறைவா" என்றார். பிறகு பேனாவை எடுத்து மேலிடத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை எழுத ஆரம்பித்தார். அந்த வருஷம் பிரசவம் கூடியதை ஆசீர்வாதம் என்று எழுதினார் என்று டைப் அடித்த சிஸ்டர் சொன்னாள்.

பேச்சியம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன்.

"நீங்க வச்ச புள்ளி. நான் சொமக்கேன்" என்றாள். அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குப் பிறகு பல வருஷம் மதரின் கைக்குட்டையைப் பார்த்து நான் பயந்ததில்லை.

டாக்டரம்மா மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே பிரசவமும் பார்ப்பார்கள், கட்டியும் விடுவார்கள். கடிதத்தில் 'மேல் சிகிச்சைக்கு' என்று மட்டும் இருந்தது. மதர் அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கடிதம் வெளியே போகலாம். பைதான் உள்ளே வரக்கூடாது.

ஒரு வழி பிறந்தது என்று நினைத்தோம். அடுத்த வாரம் கருப்பையா தன் அம்மாவோடு வந்தான். பேச்சியம்மாவின் மாமியார். அந்தம்மா குலதெய்வத்திடம் பூக் கேட்டிருக்கிறாள். செம்பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் உத்தரவு. செம்பூ வந்துவிட்டது.

"வம்சத்தக் கட்டுறதுக்கு எங்க கருப்பன் உத்தரவு குடுக்கல டாக்டரம்மா. மதுரைக்கு அனுப்ப மாட்டேன்."

"இன்னொரு தடவை கேட்டுப் பாருங்களேன்" என்றார் டாக்டரம்மா. வேறு என்ன சொல்வது?

"சாமிய ரெண்டு தடவ கேட்டா அதுக்குப் பேரு கேள்வியா? சந்தேகம்ல."

கருப்பையா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் ரோமாபுரி. இந்தப் பக்கம் கருப்பசாமி. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததுகூட இல்லை. ஆனால் பேச்சியம்மாவின் வயிற்று விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஒரே முடிவு. இப்படி ஒற்றுமையை நான் வேறு எதிலும் பார்க்கவில்லை.

மூன்று வாரம் முந்தியே வலி கண்டுவிட்டது. தீபாவளி சீசன். சரம் பின்னிக்கொண்டிருந்தவளை ஆபீஸ் லாரியிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார்கள். காலை பத்து மணி. பழைய தையலுக்கு மேலே தொட்டால் அலறினாள். மதுரை வரை தாங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். உடனே கிழிக்க வேண்டும்.

ஸ்ட்ரெச்சரில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையில் கரிமருந்து வாடை.

"அக்கா, வீட்ல ரெண்டு கெடக்கு. அதுகளுக்கு நான் வேணும். என்னத்த வேணும்னாலும் எடுக்கட்டும், கட்டட்டும், அறுக்கட்டும். நான் திரும்பி வரணும்."

அதற்குத்தான் சம்மதத் தாளில் கட்டைவிரல் வைத்தாள். கருப்பையாவும் வைத்தான். "அவ உசுரு வந்தாப் போதும்மா. என்னப் பெத்தவட்ட நான் பேசிக்கிடுதேன்."

தியேட்டரில் என் வேலை துணி எண்ணுவது. உள்ளங்கை அகலத்துக்கு மடித்துத் தைத்த துணி, ஒரு மூலையில் நாடா. வயிற்றுக்குள் ரத்தத்தை ஒற்றி ஒற்றித் தரையில் இருக்கும் பேசினில் போடுவார்கள். நான் இடுக்கியால் எடுத்து, சுவரோரம் நிற்கும் இரும்புக் கம்பியில், கொக்கிக்கு ஒன்றாக மாட்ட வேண்டும். வரிசைக்கு ஐந்து. எத்தனை துணி, எவ்வளவு ரத்தம் என்று பார்த்தாலே தெரியும். வயிற்றை மூடுவதற்கு முன் டாக்டர் "எண்ணிக்கை?" என்பார். வயிற்றிலிருந்து வெளியே வந்த துணியையும் மிச்சம் இருக்கும் துணியையும் கூட்டிச் சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தாலும் மூடமாட்டார்கள். கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். கேட்காமல் வாய் திறக்கக் கூடாது. எனக்கென்றே செய்த வேலை.

ஒரு சிஸ்டர் மயக்கத்துக்கு ஈதர் கொடுத்தாள். மதர் டாக்டரம்மாவுக்கு எதிரே நின்று உதவினார். பிள்ளை வெளியே வந்தது. பெண். உடனே அழுதது. அதை இன்னொரு சிஸ்டர் வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை.

டாக்டரம்மா கையாலேயே கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"பாருங்க மதர். பழைய தையல் பட்டம் விடுற தாள் மாதிரி இருக்கு."

"தைத்தால் பிடிக்குமா?"

"பிடிக்கும். அடுத்த பிள்ளை வரைக்கும் பிடிக்கும். குழாயைக் கட்டட்டுமா?"

"கூடாது."

"அப்பக் கர்ப்பப்பையையே எடுத்துரவா?"

மதர் யோசித்தார். அவர்கள் சட்டத்தில் அதற்கு இடம் உண்டாம். நல்ல குழாயைக் கட்டினால் பாவம். நோய் வந்த கர்ப்பப்பையை அடியோடு எடுத்தால் பாவம் இல்லை. கதவைச் சாத்தக் கூடாது, வீட்டை இடிக்கலாம்.

"அது நோயுற்றிருக்கிறதா?"

"பலவீனம்."

"பலவீனம் நோயா?"

"நோய்னு சொன்னாப் பொய் மதர். பலவீனம்."

டாக்டரம்மா சபையில் பொய் சொல்லக் கூடாது. மதர் சபையில் கட்டக் கூடாது. இரண்டு பேரும் நல்லவர்கள். திறந்த வயிற்றுக்கு மேலே குனிந்து நின்று, பலவீனத்துக்கும் நோய்க்கும் வித்தியாசம் பேசினார்கள். பேசினில் துணி விழுந்தது. எடுத்து மாட்டினேன். இன்னொன்று விழுந்தது. மாட்டினேன். பேச்சியம்மாவின் பாதம் எனக்கு நேரே இருந்தது. வெளுத்துக்கொண்டே போனது.

"பதினேழு, மதர்" என்றேன்.

யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். கம்பியில் இருந்தது பன்னிரண்டு.

டாக்டரம்மாவால் திரும்ப முடியாது, கை உள்ளே இருந்தது. மதர் மட்டும் தலையைத் திருப்பினார். கம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு இரத்தம் விடும் உறுப்பு நோயுற்றதே" என்றார். "எடுத்துவிடும்."

இரண்டு மணி நேரம் ஆனது. கருப்பையாவின் ரத்தம் ஒரு பாட்டில் ஏறியது. போதவில்லை. மதரின் ரத்தம் யாருக்கும் சேரும் ரத்தம். கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கத்து அறையில் போய்ப் படுத்து, அங்கியின் கையைச் சுருட்டினார். ஒரு பாட்டில் எடுத்தோம். இன்னும் எடு என்றார். டாக்டரம்மா வேண்டாம் என்றுவிட்டார். சுவருக்குச் சட்டம் போட்டவரின் ரத்தம் மாரியாத்தாளைக் கும்பிடுகிறவளுக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. குழாயைக் கட்டியிருந்தால் அதில் பாதிகூடத் தேவைப்பட்டிருக்காது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மூடும்போது எண்ணிக்கை கேட்டார்கள். சரியாகச் சொன்னேன். இரண்டு தடவை எண்ணினேன்.

பேச்சியம்மா பிழைத்தாள். பத்தாம் நாள் தையல் பிரித்தோம். நான் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதர் வந்து கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நிறைய நேரம் பேசினார். நடந்தது அந்தக் காரியம் அல்ல என்று அவளுக்குப் புரியவைக்க வேண்டுமாம்.

"மகளே, நாங்கள் உனக்குப் பிள்ளைப்பேற்றைத் தடுக்கவில்லை. நோயுற்ற உறுப்பை அகற்றினோம். பிள்ளை பிறவாமல் போவது அதன் விளைவே ஒழிய, நம் நோக்கம் அல்ல."

பேச்சியம்மா என்னைப் பார்த்தாள். இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளே கேட்டாள்.

"இனிமே புள்ள உண்டாகுமா?"

"உண்டாகாது."

"அதுனால சாவேனா?"

"மாட்டாய்."

"அப்ப என்னமோ நல்லதுதான் பண்ணியிருக்கீக. நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மதர் எழுந்து வெளியே போனார். நான் பின்னால் போனேன். வராண்டாவில் நின்றார்.

"அந்தோணியம்மாள், அன்று பதினேழு என்றாய்."

பேசினை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"பன்னிரண்டு தொங்கின. எண்ணினேன். எண்ணிய பிறகுதான் எடுக்கச் சொன்னேன்."

பேசினில் கிடந்த நூல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பொய் பாவம். சனிக்கிழமை குருவிடம் பாவத்தை அறிக்கையிட, பாவசங்கீர்த்தனத்துக்குப் போ."

"நீங்க மதர்?"

"நான் சென்ற வாரமே போய் வந்துவிட்டேன்" என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வார்டுக்குப் போனார்.

அந்தச் சனிக்கிழமை நான் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்கிறவர் செய்ததற்கு மனம் வருந்த வேண்டும் என்பது விதி. வருத்தம் வரட்டும் என்று இருக்கிறேன். இன்னும் வரவில்லை.